பேசாத பிள்ளையும் கேட்கப்படாத கணக்கும்

 

இல்லறத்தார்க்கு உரியவை ஐந்து அணுவிரதங்கள். அவ்வைந்தனுள் ஒவ்வொன்றிற்கும் ஐந்து அதிசாரங்கள் உண்டென்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் வகுத்துரைக்கிறார். அதிசாரம் என்பது விரதத்தை அடியோடு முறித்துவிடும் செயலன்று. விரதம் காத்து வருவதாக ஒருவர் நம்பிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் படிந்துவிடும் கறை. அகிம்சைக்குச் சொல்லப்பட்டவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவியலாத சுமையை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்று தமிழில் சொல்லலாம். நம் முன்னோர் உழுதுண்டு வாழ்ந்தவர்கள். ஆதலின் திண்ணையில் அமர்ந்து இவற்றை விளக்கிய பெரியோர் மாட்டுக் கொட்டிலையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர். வண்டியில் மிகை பாரம் ஏற்றாதே, தாம்புக்கயிற்றை இறுக்காதே, தீவனத்தைத் தாமதிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். வாயில்லாச் சீவன் தனக்கு நேர்ந்ததை எவரிடமும் சென்று முறையிடாது என்பதே அவ்வறிவுரையின் உள்ளீடு.

இன்று மாடில்லாத வீடுகளே மிகுதி. எனினும் அவ்வைந்து அதிசாரங்களும் மறைந்துவிடவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால், பயிற்சி என்னும் பெயரோடும் கட்டணச் சீட்டோடும் அவை நிகழக்கூடும். ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கும் நிலையங்கள் யாருக்குக் கணக்குக் காட்டுகின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மதியிறுக்கம் என்றும், தன்முனைப்புக் குறைபாடு என்றும், அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனையற்றோர் என்றும் தமிழில் இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. மூன்றும் குழந்தையின்மீது ஏதோ ஒரு குற்றத்தைச் சுமத்துகின்றன. அக்குழந்தையின் மதி இறுகிப்போனதும் அன்று. தன்முனைப்பு அதன் நோயும் அன்று. புற உலகைப் பற்றி அது சிந்திக்கவில்லை என்று எவரும் அளந்து கண்டதுமில்லை. ஆதலின் ஆட்டிசம் என்னும் வேற்றுமொழிச் சொல்லே இங்குக் குற்றமற்றதாகத் தோன்றுகிறது. 1943ஆம் ஆண்டு பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி எழுதிய கட்டுரையில் இந்நிலையை விரித்துரைத்தார். பிறரோடு பழகுதலிலும் பேச்சிலும் வேறுபாடு, மாறாத ஒழுங்கில் பற்று, ஒலி ஒளி தொடுதல் ஆகியவற்றில் மிகை உணர்வு அல்லது குறை உணர்வு என்பன இதன் கூறுகள். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லும் பேசார்.

இதனை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி, தொழில்முறைப் பயிற்சி எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி, நடத்தைப் பயிற்சி ஆகியவை குழந்தைக்கு உதவுகின்றன. பொறுமையோடும் கல்வியோடும் இப்பணியைச் செய்வோர் தமிழகத்தில் பலர் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் குறைந்த ஊதியம் பெறும் இளம்பெண்கள். நாள் முழுதும் தரையில் அமர்ந்து, கடிபட்டும் கீறல்பட்டும், ஒரு குழந்தை தன் தேவையை விரலால் சுட்டிக்காட்டும் நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களைக் குறை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆயினும் வேறெத் தொழிலிலும் இல்லாத ஓர் இடர் இத்தொழிலில் உண்டு. தையற்காரர் தைத்த சட்டையை உடுத்துபவரே அதன் பிழையைச் சொல்லிவிடுவார். இங்கோ பணம் கொடுப்பவர் தந்தை. பயிற்சியைப் பெறுபவர் பேசாத பிள்ளை. இருவருக்கும் நடுவில் மூடிய கதவு. உள்ளே நடந்ததைச் சொல்லவேண்டியவனுக்குச் சொல் இல்லை. சொல்லத் தெரிந்தவர்க்கு நடந்தது தெரியாது.

அக்கதவு மூடியே கிடந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்டன் நகரில் ஒரு சான்று உண்டு. ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் என்னும் உறைவிட நிலையம் அது. ஆட்டிசமும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் உடையோரின் உடலில் மின்கருவி ஒன்றைப் பிணைத்து, விரும்பத்தகாத நடத்தையைக் கண்டபோதெல்லாம் தொலையிலிருந்து பொத்தானை அழுத்தி மின்னதிர்ச்சி தருவது அங்கு மருத்துவம் எனப்பட்டது. 2002ஆம் ஆண்டு, மேற்சட்டையைக் கழற்ற மறுத்த ஓர் இளைஞர் அங்கே கட்டிவைக்கப்பட்டு, ஏறத்தாழ ஏழு மணிநேரத்தில் 31 முறை அதிர்ச்சிக்கு உள்ளானார். அந்நிகழ்வு ஒளிப்பதிவாகியிருந்தது. ஆனால் உலகம் அதைக் கண்டது 2012இல், வழக்கு மன்றத்தில் நடுவர்முன் அது திரையிடப்பட்ட பின்னரே. அப்பதிவை வெளியிடாதிருக்க நிலையம் போராடியது. பந்தமும் வதமும் ஒருங்கே நிகழ்ந்த இடம் அது; அவற்றை மறைத்ததோ மூன்றாவது தீமை.

அதனினும் வியப்பிற்குரியது 2007இல் அந்நிலையத்தின் விடுதி ஒன்றில் நடந்தது. இரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மேலதிகாரி பேசுவதாகச் சொல்லிக்கொண்ட குரல் ஒன்று, உறங்கிக்கொண்டிருந்த இரு மாணவர்களை எழுப்பித் தண்டிக்குமாறு ஆணையிட்டது. பணியாளர் கீழ்ப்படிந்தனர். ஒருவருக்கு 77 முறையும் மற்றவருக்கு 29 முறையும் மின்னதிர்ச்சி தரப்பட்டது. பேசியவர் அதிகாரியல்லர், ஏமாற்றுக்காரர். நீர் யார், எதற்காக, எந்த ஏட்டில் இவ்வாணை எழுதப்பட்டுள்ளது என்று கேட்கும் பழக்கம் அங்கிருந்த எவருக்கும் இல்லாமற்போயிற்று. பின்னர் விசாரணையாளர்கள் பாதுகாக்கச் சொன்ன ஒளிப்பதிவு அழிக்கப்பட்டது. அதன் பொருட்டு 2011இல் நிலையத்தை நிறுவியவரே குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பதவி விலக நேர்ந்தது. அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2020இல் அக்கருவிக்குத் தடை விதித்தது. நிலையமும் பெற்றோர் சிலரும் வழக்காடவே, ஆணையத்துக்கு அவ்வதிகாரம் இல்லையென்று 2021இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2022 இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அவ்வதிகாரத்தை வழங்கியது. பெற்றோர் சிலரே அக்கருவிக்காக வாதிட்டனர் என்பதைக் கருத வேண்டும். அவர்களைக் கொடியவர் என்று தள்ளிவிட இயலாது. தன் கண்ணைத் தானே குத்திக்கொள்ளும் பிள்ளையைப் பெற்றவர்கள் அவர்களுள் இருந்தனர். வேறு வழியில்லை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது; சொன்னவரோ அக்கருவியை நடத்தியவர்.

இனி, அடியும் கட்டும் இல்லாமல், அன்பினாலேயே நேர்ந்த ஒரு தீங்கைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவிய முறை ஒன்று உண்டு. துணையோடு தொடர்புகொள்ளல் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பேசாத குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ ஒரு துணைவர் தாங்கிப்பிடிக்க, குழந்தை எழுத்துப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டும். ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகள் முழு வாக்கியங்களை எழுதினர்; அம்மா, உன்னை நேசிக்கிறேன் என்றனர்; கவிதையும் இயற்றினர். கண்ணீர் விடாத பெற்றோர் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்று இதற்கெனத் தனி நிறுவனமே அமைத்தது. பள்ளிகள் துணைவர்களைப் பணியமர்த்தின.

எழுதுவது யார் என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை. கேட்பது குழந்தையை அவமதிப்பதாகும் என்று சொல்லப்பட்டது. பின்னர் அவ்வெழுத்துப்பலகைகளிலிருந்து வேறு சொற்கள் வரத்தொடங்கின. தந்தை தகாத முறையில் நடந்தார் என்றும், தமையன் தீங்கிழைத்தான் என்றும் எழுத்துகள் கூடின. குடும்பங்கள் பிரிக்கப்பட்டன, தந்தையர் வழக்கில் சிக்கினர். அப்போதுதான் நீதிமன்றத்தின் பொருட்டு எளியதொரு சோதனை தேவைப்பட்டது. குழந்தைக்கு ஒரு படத்தையும், துணைவருக்கு மற்றொரு படத்தையும், ஒருவர் கண்டதை மற்றவர் அறியாதவாறு காட்ட வேண்டும். பின்னர், கண்டது என்ன என்று எழுதச் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்து நிலையம் ஒன்றில் 12 பேரையும் 9 துணைவர்களையும் கொண்டு இச்சோதனை நடந்து, 1993இல் முடிவு வெளிவந்தது. துணைவர் அறியாத ஒன்றை ஒருவரும் ஒருமுறையும் சரியாக எழுதவில்லை. துணைவருக்கு வேறு படம் காட்டப்பட்டபோது, துணைவர் கண்டதே பலகையில் எழுந்தது. அத்தனை சொற்களும், அம்மா என்னும் சொல் உட்பட, துணைவர் தம்மையறியாமலேயே எழுதியவை. 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் ஆதாரமில்லையென்று தீர்மானித்தது.

இந்நிகழ்வில் மேன் மாநிலத்துப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் செயல் நினைக்கத்தக்கது. அவர் துணைவராயிருந்து எழுதுவித்த குற்றச்சாட்டினால் ஒரு சிறுமி தன் இல்லத்தினின்றும் பிரிக்கப்பட்டாள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை வல்லுநர் நடத்திய சோதனையில், எழுதப்பட்டவை யாவும் தாம் கண்டவையே என்பதை அப்பெண்மணி அறிந்தார். பலர் அந்நிலையில் சோதனையைப் பழித்தனர். அவ்வாறு பழிக்கும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. அவரோ பள்ளி நிருவாகத்திடம் சென்று உண்மையைச் சொல்லி, அம்முறையை நிறுத்தச் செய்தார். குடும்பத்தாரிடம் மன்னிப்பு வேண்டினார். பின்னர்த் தம் பெயரை மறைக்காமலே அதனை எழுதி வெளியிட்டு, பிறரையும் எச்சரித்து வருகிறார். குருவின்முன் குற்றத்தை எடுத்துரைத்தலை ஆலோசனை என்றும், செய்ததினின்று மீளுதலைப் பிரதிக்கிரமணம் என்றும் ஜைனர் சொல்வர். அச்சொற்களைக் கேட்டறியாத ஒருவர் அவற்றை ஆற்றிக்காட்டினார். தசலட்சண பருவத்து நிறைவில் மன்னிப்புக் கேட்டுக் கைகூப்பும் நமக்கு, அம்மன்னிப்பு எவ்வளவு விலையுடையதாக இருக்கக்கூடும் என்பது அவரால் விளங்கும்.

எழுத்துப்பலகையைத் துணைவர் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் மாற்றுவடிவம் இந்தியாவிலும் வழங்கிவருகிறது. அமெரிக்கப் பேச்சு மொழி கேட்பியல் சங்கம் 2018இல் இவ்விரு வடிவங்களையும் ஏற்க மறுத்தது. ஆயினும், அனேகாந்தம் பேசும் நாம் இதனை ஏன் முழுமையாக மறுக்க வேண்டும், ஒரு நோக்கில் உண்மையாக இருக்கலாமே என்று அன்பர் சிலர் கேட்பதுண்டு. அது அனேகாந்தத்தைப் புரிந்துகொண்ட கேள்வியன்று. பொருளின் பல தன்மைகளை நயங்களால் அறிக என்பது அனேகாந்தம். சோதிக்க மறுக்கும் கூற்றுக்கும் சோதனையில் நின்ற கூற்றுக்கும் சமமதிப்புத் தருக என்று அது எங்கும் சொல்லவில்லை. பிரமாணம் இன்றி நயம் இல்லை.

சுமை மிகுத்தல் என்னும் அதிசாரம் இன்னும் நுட்பமானது. 1987இல் கலிபோர்னியப் பேராசிரியர் ஐவார் லோவாஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாரம் 40 மணிநேர நடத்தைப் பயிற்சி பெற்ற 19 சிறுவர்களுள் 9 பேர் பிற குழந்தைகளைப் போலவே பள்ளிக்குச் சென்றனர் என்பது அதன் முடிவு. 40 என்னும் எண் அன்றுமுதல் பெற்றோரைத் துரத்துகிறது. குழந்தைகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது குலுக்கல் முறையில் அன்று என்பதும், அப்பயிற்சியில் அதட்டலும் சிலபோது தொடையில் அடியும் இருந்தன என்பதும் அவ்வெண்ணைச் சொல்லிக் கட்டணம் கேட்போர் வாயில் வருவதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு வாரம் 40 மணிநேரம் என்பது பெரியோரின் அலுவலக நேரம். அன்னபான நிரோதமும் இங்கே வரக்கூடும். செய்ததற்குப் பரிசாக ஒரு திராட்சை தருவது வேறு. வாய் திறந்து கேட்கும்வரை பசித்த பிள்ளையின் தட்டை நகர்த்தி வைப்பது வேறு. உள்ளே நடப்பது இரண்டனுள் எது என்பதை அறையைப் பார்த்தவரே சொல்ல முடியும்.

ஆய்வுகளை நம்பலாமே எனில், ஆய்வாளரையும் கணக்குக் கேட்க வேண்டியதாயிற்று. ஆட்டிசமுள்ள சிறு குழந்தைகளுக்கான பயிற்சிகளைப் பற்றிய 150 ஆய்வறிக்கைகளை அமெரிக்க அறிஞர் குழு ஒன்று சோதித்து 2021இல் வெளியிட்டது. பத்துக்கு ஏழு அறிக்கைகளில், ஆய்ந்தவர்க்கே அப்பயிற்சியால் வருவாயோ வேறு நலனோ இருந்தது. அதனை முழுமையாக வெளியிட்டவை மிகச் சிலவே. பயிற்சியால் குழந்தைக்குத் தீய விளைவு ஏதேனும் நேர்ந்ததா என்பது குறித்து 139 அறிக்கைகளில் ஒரு சொல்லும் இல்லை. தீங்கு இல்லை என்பது வேறு. தேடிப் பார்க்கவில்லை என்பது வேறு.

நம் நாட்டிற்கு வருவோம். இங்குள்ள குறைகளைக் காண அகிம்சையோடு சத்தியம், அசௌரியம் என்னும் இரு விரதங்களின் அதிசாரங்களையும் விளக்காகக் கொள்ளலாம். கூடலேகக் கிரியை என்பது பொய்யாவணம் எழுதுதல். மூன்று மாதத்திற்கொருமுறை பெற்றோர் கையில் தரப்படும் முன்னேற்ற அறிக்கையில், வேறொரு குழந்தையின் பெயர் ஓரிடத்தில் அழிக்கப்படாமல் எஞ்சியிருப்பின், அது அச்சுப்பிழையன்று, அதுவே கூடலேகம். ரஹோப்யாக்கியானம் என்பது பிறர் மறைவை வெளியிடுதல். ஒரு குழந்தை தரையில் புரண்டு அழும் காட்சியையும், ஆறு மாதம் கழித்து அமைதியாக அமர்ந்திருக்கும் காட்சியையும் அடுத்தடுத்து ஒட்டி, முகம் மறைக்காமல் கைப்பேசியில் விளம்பரமாக உலவவிடும் நிலையங்கள் உண்டு. அப்பிள்ளையிடம் இசைவு கேட்டவர் யார்? நியாசாபஹாரம் என்பது ஒப்படைத்த பொருளைக் குறைத்துத் தருதல். ஓராண்டுக்கு உரிய பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, இடையில் குழந்தையை நிறுத்தினால் மீதியைத் தர மறுப்பது வேறென்ன? அளவைகளில் குறைத்தல் என்னும் ஹீனாதிக மானோன்மானத்திற்கும் இங்கே இடமுண்டு. முக்கால் மணிநேர வகுப்பில் பாதி நேரம் குழந்தை ஊஞ்சலில் தனியே ஆடிக்கொண்டிருக்க, பயிற்சியாளர் முன்வகுப்பின் குறிப்பை எழுதிக்கொண்டிருப்பதை எந்த முத்திரைப் படி அளக்கும்?

பிரதிரூபக வியவகாரம், அதாவது போலியை மெய்யென விற்றல், இவை அனைத்தினும் பெரிது. ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகச் சொல்லி, குழந்தையின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த குருத்தணுக்களை முதுகுத்தண்டின் வழியே செலுத்தி இலட்சக்கணக்கில் பணம் பெறுவது இந்நாட்டில் நடந்துவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், குருதி சார்ந்த சில நோய்களைத் தவிரப் பிறவற்றிற்குக் குருத்தணு மருத்துவத்தை ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று கூறின. ஆய்வெனில் அதற்கு உட்படுவோரிடம் கட்டணம் வாங்கலாகாது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியமும் ஆட்டிசத்திற்கு இம்மருத்துவத்தைப் பரிந்துரைக்க இயலாதென்று தெளிவுபடுத்தியது. ஆகவே, பணம் கேட்டுக்கொண்டே இதனைச் சொல்பவர் எவராயினும், அவர் சுவரில் எத்தனை பட்டங்கள் தொங்கினும், அவ்விடத்தை விட்டு எழுந்துவிடலாம். உடலிலுள்ள உலோகங்களை நீக்குவதாகச் செய்யப்படும் கீலேஷன் சிகிச்சையும் இத்தகையதே. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் அம்மருந்து செலுத்தப்பட்டபோது உயிரிழந்தான்.

சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், 1992 என்பதன்படி சிறப்புக் கல்வியாளர், பேச்சு கேட்பியல் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் முதலியோர் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருத்தல் வேண்டும். பதிவின்றித் தொழில் புரிவோருக்கு ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆயிரம் ரூபாய் என்பது இன்று சில வகுப்புகளின் கட்டணத்திற்கே போதும். சட்டம் எவ்வளவு அஞ்சத்தக்கது என்பதை அதிலிருந்தே உய்த்துணரலாம். ஆக்குபேஷனல் தெரபி பயின்றோர் இக்குழுமத்தின்கீழ் வாரார்; அவர்களை 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம் உள்ளடக்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றது. 1995ஆம் ஆண்டின் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. கொடுமையினின்றும் இழிவான நடத்தையினின்றும் காப்பது அரசின் கடன் என்று புதிய சட்டத்தின் 6ஆம் பிரிவும், பதிவுச் சான்றிதழின்றி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதனையும் நடத்தலாகாது என்று 50ஆம் பிரிவும் சொல்கின்றன. எனினும் வாடகை வீட்டின் மாடியில் நான்கு பந்துகளும் ஓர் ஊஞ்சலும் வைத்துத் தொடங்கப்படும் இடத்தில் அச்சான்றிதழைக் கேட்டுப் பார்த்த பெற்றோர் எத்தனை பேர்?

கேட்க வேண்டியவை மிகப் பெரியவை அல்ல. பதிவெண் எது, அது இன்றும் நடப்பில் உள்ளதா என்பது முதலாவது. அறிக்கையில் கையொப்பமிடுபவரும் அறையில் அமர்ந்து பயிற்சியளிப்பவரும் ஒருவரா என்பது அதனினும் முதன்மையானது. பெயர்ப்பலகையில் ஒருவர், தரையில் வேறொருவர் என்பதே பல இடங்களின் வழக்கம். பயிற்சி தொடங்கும் நாளில் குழந்தையால் இயன்றவையும் இயலாதவையும் எழுதப்பட்டனவா, மூன்று மாதத்தில் எட்ட வேண்டியது இன்னது என்று அளக்கத்தக்க சொற்களில் குறிக்கப்பட்டதா, எட்டவில்லையெனில் முறையை மாற்றுவார்களா, வகுப்புகளை மட்டும் கூட்டுவார்களா என்றும் கேட்கலாம். குழந்தை அழுது மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, விடையைவிட விடை சொல்பவரின் முகத்தைப் பார்க்கலாம். இவை யாவற்றினும் மேலாக, முன்னறிவிப்பின்றி எந்நாளும் வந்து உள்ளே அமர்ந்து பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா என்பது. பெற்றோர் இருந்தால் குழந்தையின் கவனம் சிதறும் என்பார்கள். சில குழந்தைகளுக்கு அது உண்மையே. அப்படியாயின் கண்ணாடிச் சாளரம் வைக்கலாம். நேரலையில் காட்டும் காமிரா வைக்கலாம். வழிகள் இருக்கின்றன. எந்த வழிக்கும் உடன்படாத இடம் கவனத்தின் பொருட்டு மறுக்கவில்லை.

நல்ல பயிற்சியாளர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்வதில்லை. உள்ளபடி சொன்னால், பிழை எப்போதும் அவர்கள் பக்கமே இருப்பதும் இல்லை. ஆறு மாதத்தில் பேச வைத்துவிடுவீர்களா என்று வற்புறுத்தும் பெற்றோரிடம், தெரியாது, முயல்வோம் என்று உண்மை சொன்னவர் அக்குழந்தையை இழக்கிறார். உறுதி சொன்னவர் பெறுகிறார். 1999இல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்னும் ஊசிமருந்தை ஆட்டிசமுள்ள 60 குழந்தைகளிடம் சோதித்தனர். வெற்று ஊசிக்கும் அதற்கும் வேறுபாடில்லையென்று தெரிந்தது. முடிவைச் சொன்ன பின்னரும், 69 விழுக்காட்டுப் பெற்றோர் அம்மருந்தில் விருப்பம் மாறாதிருந்தனர். ஆசையை இகழ வேண்டுவதில்லை. அதை விலைபேசுவோர் இருக்கிறார்கள் என்பதை அறிந்திருந்தால் போதும்.

நம் சமுதாயம் சிறியது. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் உள்ள சிற்றூர்களிலும் சென்னையிலுமாக, ஒருவர்க்கொருவர் உறவுமுறை சொல்லி அழைக்கும் அளவினது. இச்சிறுமையே நலம், இச்சிறுமையே தடையும் ஆகிறது. மூத்தவளுக்கு வரன் பார்க்க வேண்டும், இளையவனைப் பற்றி இப்போது வெளியில் தெரிய வேண்டா என்று தாயும் தந்தையும் ஒதுங்கிக்கொள்கின்றனர். விழாக்களுக்குப் பிள்ளையை அழைத்து வருவதில்லை. வந்தாலும் சிறுவன் ஓசையெழுப்பியதும் திரும்பிப் பார்க்கும் கண்களுக்கு அஞ்சிப் பூசை முடியுமுன் எழுந்துவிடுகின்றனர். மறைத்து வைக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் எவரிடமும் விசாரிக்க இயலாது. எந்த நிலையம் நல்லது, எங்கே பணம் இழந்தோம் என்று ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்குச் சொல்ல வழியின்றிப் போகிறது. நிலையத்தார் மறைப்பதற்கு முன்னரே நாம் மறைத்துவிடுகிறோம்.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தின் பெயரால் அறக்கட்டளைகள் இத்தகைய பிள்ளைகளின் பயிற்சிக்கும் உதவலாம். அங்ஙனம் உதவும்போது பணம் தந்ததற்கான சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பது போதாது. விண்ணப்பத்தோடு ஒரு தாள் கூடுதலாக இணைக்கலாம். அதில் பயிற்சியாளரின் பதிவெண், நிலையத்தின் பதிவுச் சான்று, முதல்நாள் மதிப்பீடு, அடுத்த மூன்று மாத இலக்கு, பெற்றோர் எந்நேரமும் பார்வையிடலாம் என்று நிலையத்தார் இட்ட கையொப்பம் ஆகியவை இருந்தால், ஒரு பெற்றோர் தனியே கேட்கத் தயங்குவதை அறக்கட்டளை அனைவருக்குமாகக் கேட்டதாகும். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 என்பதன்கீழ் நடைபெறும் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை பயன்பெற இடமுண்டு. அதில் தொடர்பயிற்சிக்கும் பங்குண்டு. அவ்விண்ணப்பத்தை நிரப்பித் தரும் இளைஞர் இருவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தால் நன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. தனியார் நிலையம் சொன்ன மதிப்பீட்டில் ஐயம் எழுந்தால், இரண்டாவது கருத்தை அங்கே கேட்டறியலாம்.

தீங்கு நேர்ந்ததென்று தோன்றினால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரங்கள் சில அவருக்கு உண்டு. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். முன்பணத்தைத் திருப்பித் தராமை, பொய் விளம்பரம் ஆகியவற்றிற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்கிற்கு அங்கே கட்டணம் இல்லை. முறையிடுமுன் கட்டணச் சீட்டுகள், அறிக்கைகள், கைப்பேசிச் செய்திகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வைக்க வேண்டும். பிள்ளையின் உடலில் புதிய தழும்பு கண்ட நாளையும், பயிற்சி நிலையத்தின் வாயிலைக் கண்டதும் அது கால் பின்வாங்கிய நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நல்லது. அப்பிள்ளை தரக்கூடிய சாட்சியம் அதுவே.